ரன்வே ஃபேஷன பாத்து நம்ம ஸ்டைல் பண்ணிக்கறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் ஃபேஷன் வீக் முடிஞ்ச கையோட ஃப்ரெண்ட்ஸ், கசின்ஸ், ஆபிஸ் பொண்ணுங்கன்னு எல்லாரும் என்கிட்ட கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். நான் டிசைனர்லாம் இல்ல, சென்னையில வேல பாக்கற, துணின்னா கொஞ்சம் பைத்தியம் பிடிச்ச ஆளு, வருஷக்கணக்கா இந்த ஷோ எல்லாத்தையும் உக்காந்து பாக்கறேன், பாத்துட்டு நேரா டெய்லர் கடைக்குப் போறேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதனால எல்லாத்தையும் இங்க எழுதிட்டேன்.

ரன்வேல, அதாவது மாடலுங்க நடந்து வர்ற அந்த மேடைல, வர்ற டிரெஸ்ஸ எல்லாம் எவ ரோட்ல போட்டுட்டுப் போவா? அத எதுக்கு பாக்கணும்?

அப்படியே போடறதுக்காக யாரும் பாக்கறதில்லங்க. ஒரு ஷோல நாப்பது அம்பது லுக் (ஒரு மாடல் தலைல இருந்து கால் வரைக்கும் போட்டு வர்ற மொத்த செட்) வரும், அதுல நாலஞ்சு ஊரே பேசணும்னே செஞ்சது. 2022 செப்டம்பர் கடைசில பாரிஸ்ல கோப்பர்னி பிராண்டு ஷோல மாடல் பெல்லா ஹடீட் மேல ஸ்ப்ரே அடிச்சு அடிச்சே ஒரு வெள்ள டிரெஸ் உருவாச்சே, அது ஞாபகம் இருக்கும், அந்த வீடியோ வராத ஃபோனே இல்ல. அதே ஷோல சாதாரணமா போடற மாதிரியும் டிரெஸ் வந்துச்சு, அத பாத்தவங்க எத்தன பேரு? நகைக்கடை வாசல்ல ஆளுயர பேனர்ல ஒட்டியாணம், வங்கி, காசுமாலைன்னு மொத்தமா போட்ட பொண்ணு நிக்கும், உள்ள போறவங்க ஒரு ஜோடி தோடு வாங்கிட்டு வருவாங்க, அந்த கணக்குதான் இதுவும்.

இன்னொரு குழப்பம் என்னன்னா ஜனவரிலயும் ஜூலைலயும் பாரிஸ்ல நடக்கற ஓட் கூட்யூர் ஷோவையும் மத்த ரெடி டு வேர் ஷோவையும் எல்லாரும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கறாங்க. கூட்யூர்ங்கறது ஒவ்வொரு கஸ்டமருக்கும் அளவெடுத்து கையால தைக்கறது, அந்தப் பேர யார் போட்டுக்கலாம்னு பிரான்ஸ்ல 1945ல இருந்து சட்டமே இருக்கு. அத சும்மா கண்ணுக்கு விருந்தா பாருங்க. நமக்கு வேண்டியது ரெடி டு வேர், அதாவது கடையில ரெடிமேடா விக்கறது.

உதாரணத்துக்கு 2022 பிப்ரவரில மிலான்ல போட்டேகா வெனெட்டா பிராண்டு ஷோ, டிசைனர் மாத்யூ பிளாஸிக்கு அங்க அதுதான் முதல் ஷோ, முதல் லுக்கே ஒரு வெள்ள பனியன் மாதிரி டாப்பும் ஒரு லூஸ் ஜீன்ஸும்தான். அந்த ஜீன்ஸ் துணியே இல்ல, ஜீன்ஸ் மாதிரி பிரிண்ட் பண்ண லெதர், விலைய கேட்டா மயக்கம் வரும், அது வேற கதை. ஆனா ஃபோட்டோல நமக்கு கெடைக்கறது என்ன? பனியன் எவ்ளோ டைட்டு, ஜீன்ஸ் எவ்ளோ லூஸு, இடுப்பு எங்க உக்காந்திருக்கு, இவ்ளோதான். இதுக்கு காசே இல்ல.

ஸ்பிரிங், ஆட்டம், விண்டர்னு சொல்றாங்க. நமக்குதான் வெயில், அதிக வெயில், மழை தவிர ஒண்ணும் கெடையாதே?

முதல்ல அவங்க காலண்டர சொல்லிடறேன். பிப்ரவரி மார்ச்ல நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ்னு இதே வரிசைல நடக்கறது அந்த வருஷ கடைசில கடைக்கு வரப்போற ஆட்டம் விண்டர், அதாவது குளிர்கால டிரெஸ். செப்டம்பர் அக்டோபர்ல நடக்கறது அடுத்த வருஷ ஸ்பிரிங் சம்மர். கடைக்காரங்க பாத்து ஆர்டர் போட்டு, ஃபேக்டரில தச்சு, கடைக்கு வர ஆறு மாசம் ஆகும், அதனாலதான் இந்த இடைவெளி. ஆம்பளைங்க ஷோ ஜனவரி, ஜூன். நம்ம பக்கம் லக்மே ஃபேஷன் வீக் வருஷத்துக்கு ரெண்டு தடவ நடக்கும்.

இதுக்கு நடுவுல ரிசார்ட், இல்லன்னா குரூஸ்னு ஒண்ணு வரும், பெரும்பாலும் மே ஜூன்ல காட்டுவாங்க. குளிர்காலத்துல வெயில் தேடி ஊரு ஊரா போற பணக்காரங்களுக்காக ஆரம்பிச்ச விஷயம் அது. யாரும் பெருசா பேச மாட்டாங்க, ஆனா சென்னை, மதுரை, யாழ்ப்பாணம்னு வெயில் ஊர்ல இருக்கறவங்களுக்கு ரொம்ப உபயோகமானது அதுதான், ஏன்னா துணி லேசு, கை கால் காத்தாட இருக்கும், போடற மாதிரியும் இருக்கும்.

நம்ம சீசன நீங்கதான் கணக்கு பண்ணிக்கணும். என் கணக்குல கத்திரி வெயில் ஒண்ணு, ஐப்பசி கார்த்திகை மழை ஒண்ணு, மார்கழி கச்சேரி ஒண்ணு, முகூர்த்த மாசங்கள் தனி. ஸ்பிரிங் சம்மர் ஷோவ வெயிலுக்கு எடுத்துக்கோங்க, ஆட்டம் விண்டர்ல இருந்து கலர மட்டும் உருவி மார்கழிக்கு வச்சுக்கோங்க. சாயங்காலம் சபாவுக்குப் போகும்போது அந்த பிரவுன், பாட்டில் கிரீன், ஒயின் கலர் எல்லாம் நம்ம ஊர் டிசம்பருக்கு அம்சமா இருக்கும்.

எங்க பாக்கறது அக்கா? ரீல்ஸ் போதாதா?

போதாது. ரீல்ஸ்ல வைரல் ஆனது மட்டும்தான் வரும். வோக் ரன்வே சைட்ல ஷோ ஷோவா லுக் நம்பரோட வரிசையா இருக்கும், டேக்வாக்னு ஒரு தேடற சைட் இருக்கு, அதுல கலர், துணி, டிரெஸ் வகைன்னு போட்டு தேடலாம், நிறைய பிராண்டுங்க யூடியூப்லயே முழு ஷோவையும் போடறாங்க.

பாக்கற விதம் ஒண்ணு இருக்கு. முதல் தடவ நிறுத்தாம கடகடன்னு முழுசா பாத்துடுங்க, எதையும் சேவ் பண்ணாதீங்க. ரெண்டாவது தடவ பாக்கும்போது மாடலோட தலைய கட்டைவிரலால மறைச்சுட்டு டிரெஸ்ஸ மட்டும் பாருங்க. மூஞ்சி, மேக்கப், அந்த மொறைப்பு எல்லாம் மறைஞ்சதும் பாதி லுக் சப்புன்னு ஆயிடும், மீதி பாதி "அட இது என்கிட்டயே இருக்கே"ன்னு தோணும். அப்புறம் நாலு எடத்த பாருங்க: தோள் எங்க முடியுது, இடுப்பு எங்க இருக்கு, கீழ் ஓரம் காலுல எங்க வந்து நிக்குது, செருப்புக்கும் ஓரத்துக்கும் நடுவுல எவ்ளோ கால் தெரியுது. ஒரு லுக் நல்லா இருக்கறதுக்கும் சுமாரா இருக்கறதுக்கும் வித்தியாசம் முக்கால்வாசி இந்த நாலுலதான் இருக்கு.

அப்புறம் ஒரே விஷயம் நாலஞ்சு டிசைனர்கிட்ட, அதுவும் வேற வேற ஊர்ல வருதான்னு கவனிங்க. ஒருத்தர் மட்டும் பண்ணா அது அவரோட கிறுக்கு, நாலு பேர் பண்ணா அடுத்த தீபாவளிக்கு அது டி.நகர்ல தொங்கும்.

சரி, ஒரு லுக் ரொம்ப பிடிச்சுப்போச்சு. அதுல எத எடுக்கணும்?

ஒண்ணே ஒண்ண எடுங்க. நீளம் அகலம் கணக்கா, இல்ல கலர் சேர்க்கையா, இல்ல போட்டிருக்கற விதமா. மூணையும் எடுத்தா ஃபேன்சி டிரெஸ் போட்டி ஆயிடும்.

கலருக்கு ஒரு உதாரணம். 2023 செப்டம்பர்ல மிலான்ல குச்சி (Gucci) பிராண்டுல டிசைனர் சபாட்டோ டி சார்னோ முதல் ஷோ பண்ணாரு, ஒரு அடர் சிவப்ப எடுத்து ஆங்கோரான்னு பேர் வச்சு பேக், ஷூன்னு எல்லாத்துலயும் அடிச்சு விட்டாங்க, அடுத்த வருஷம் எங்க பாத்தாலும் அந்த சாயல், பர்கண்டி பர்கண்டின்னு ஒரே சத்தம். நமக்கு அது என்ன புதுசா? பட்டுப்புடவைல பாட்டி காலத்துல இருந்து பாக்கற அரக்குக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கற கலர்தான். ஆனா நாம அரக்க எப்பவும் ஜரிகையோட, மாம்பழ மஞ்சளோட, பச்சையோட மட்டும்தான் பாத்துப் பழகிட்டோம். அந்த சீசன்ல அத சாம்பல் கலரோட, வெளிர் நீலத்தோட, சாக்லேட் பிரவுனோட போட்டாங்க பாருங்க, அதுதான் எடுத்துக்க வேண்டியது. நான் அரக்கு காட்டன் குர்தாவுக்கு சாம்பல் கலர் பேண்ட் போட ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான், தங்க கலர் பக்கமே போகாம வெள்ளி ஜிமிக்கியோட, ஆபிஸ்ல ரெண்டு பேரு எங்க வாங்கினன்னு கேட்டாங்க, ரெண்டுமே பழசு.

போடற விதத்துக்கு ஒரு உதாரணம். 2022 மார்ச்ல பாரிஸ்ல வாலன்டினோ பிராண்டு ஷோ, டிசைனர் பியர்பாலோ பிச்சோலி ஹாலையே ஒரே பிங்க்ல பெயிண்ட் அடிச்சு, டிரெஸ்ல பெரும்பகுதி அதே பிங்க், மீதி கறுப்பு, அவ்ளோதான். தலைல இருந்து கால் வரைக்கும் ஒரே கலர் போட்டும் ஏன் போரடிக்கலன்னா துணி மாறிக்கிட்டே இருந்துச்சு, ஒண்ணு மொடமொடன்னு, ஒண்ணு கண்ணாடி மாதிரி, ஒண்ணு பளபளன்னு. நாம மேட்சிங்ல உலகத்துக்கே டீச்சர், வளையல்ல இருந்து பொட்டு வரைக்கும் ஒரே கலர் தேடுவோம், ஆனா துணியும் ஒரே துணியா எடுத்துடறோம், அங்கதான் யூனிஃபார்ம் மாதிரி ஆயிடுது. அடுத்த தடவ ஒரே கலர்ல குர்தா லினென், பேண்ட் காட்டன், துப்பட்டா ஆர்கன்சான்னு போட்டு பாருங்க. சாயம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பரவால்ல, இருந்தாதான் நல்லாவே இருக்கும்.

டெய்லர்கிட்ட ஃபோட்டோ காட்டினா வேற ஏதோ தச்சு வச்சிடறாரே?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன். ஏன்னா நம்ம ஊர்ல இருக்கற பெரிய வசதியே தெருவுக்கு ஒரு டெய்லர்தான். லண்டன்ல இருக்கற பொண்ணு ஒரு பேண்ட் ரன்வேல பாத்தா கடைக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து, வந்தத எடுத்துக்க வேண்டியதுதான். நாம துணி எடுத்துக் கொடுத்தா ஒரு வாரத்துல வந்துடும், நம்ம அளவுக்கே வரும்.

ஆனா ஃபோட்டோ மட்டும் போதாது. டெய்லர் ஃபோட்டோல பாக்கறது கழுத்து டிசைனும் கை டிசைனும்தான், மிச்சத்த அவர் கை பழக்கத்துல தச்சிடுவார். அதனால இன்ச்ல சொல்லுங்க. ஃபோட்டோல பேண்ட் அகலமா இருந்தா வீட்ல இருக்கற அகலமான பேண்ட் ஒண்ண எடுத்து கீழ் சுத்தளவ அளந்து, கண்ணாடி முன்னாடி போட்டு பாத்து, இன்னும் வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணி, "கீழ் சுத்து 24 இன்ச் வரணும், செருப்போட தரைல இருந்து அரை இன்ச் மேல நிக்கணும்"னு சொல்லுங்க. பேண்ட் தைக்க எந்த செருப்பு போடப்போறீங்களோ அத போட்டுட்டே கடைக்குப் போங்க. இன்னொண்ணு, முன்னாடி ப்ளீட் வச்ச நல்ல டிரவுசர் வேணும்னா லேடீஸ் டெய்லர்கிட்ட கொடுக்காதீங்க, ஜென்ட்ஸ் டெய்லர்கிட்ட போங்க. லேடீஸ் டெய்லர்ல பாதிப் பேரு எலாஸ்டிக்கோ நாடாவோ வச்சு பலாஸோ ஆக்கிடுவாங்க, அவங்களுக்கு வர்ற ஆர்டர் அப்படி.

ஓவர்சைஸ் சட்டைல இன்னொரு சிக்கல். தோள் தையல் கையில எறங்கி நிக்கறது அந்த ஸ்டைலே, ஆனா டெய்லருக்கு அது தப்பா அளந்த சட்ட. "என்னம்மா தோள் இவ்ளோ எறங்குது, ஊரு சிரிக்கும், கொஞ்சம் பிடிச்சுடவா?"ன்னு கேப்பார், கேக்காமயே பிடிச்சும் வச்சிடுவார். அதுக்கு வழி, அண்ணனோட சட்டையோ வீட்டுக்காரர் சட்டையோ நல்லா தோள் எறங்கற மாதிரி ஒண்ண அளவு துணியா கொடுத்துடுங்க, "இதே தோள், இதே கை, நீளம் மட்டும் ரெண்டு இன்ச் கம்மி"ன்னு. கைல புடிச்சு பாக்க ஒரு துணி இருந்தா அவர் ஒண்ணும் மாத்த மாட்டார்.

துணிய பத்தி அவர்கிட்ட கேளுங்க, இங்க அவர்தான் குரு. பலூன் கை பாப்ளின்ல தச்சா நிக்கும், அதே கை ரேயான்ல தச்சா மழைல நனைஞ்ச மாதிரி தொங்கும், ஃபோட்டோல இருக்கற உருவம் பாதி தையல்ல வருது பாதி துணில வருது. காலர் நிக்கணும்னா பக்ரம் வைக்கச் சொல்லுங்க. காட்டன்னா தைக்கறதுக்கு முன்னாடி நனைச்சு காய வச்சு கொடுங்க, இல்லன்னா முதல் துவையல்லயே உங்க ரன்வே நீளம் சுருங்கிடும். கொஞ்சம் காஸ்ட்லி துணின்னா முதல்ல காடா துணில ஒண்ணு தச்சு போட்டு பாருங்க. ஓவர் சீன் மாதிரி தெரியலாம், ஆனா பாரிஸ்ல பெரிய பெரிய ஃபேஷன் ஹவுஸ்லயும் இதத்தான் பண்றாங்க, முதல்ல சாதா காட்டன்ல தச்சு உடம்புல வச்சு திருத்திட்டுதான் பட்டுல கத்திரி வைப்பாங்க. உள்ள ஒரு இன்ச் துணி விட்டு தைக்கச் சொல்ல மறக்காதீங்க.

விண்டர் ஷோல வர்ற கோட்டு, லெதர், சூயட் எல்லாம் நமக்கு?

வேணாம். 2024 ஆட்டம் ஷோல சூயட் நிறைய வந்துச்சு, கடைங்கள்லயும் குமிஞ்சுது, ஆனா நம்ம கடற்கரை ஊர் ஈரத்துல பீரோக்குள்ள வச்சா மழை முடியறதுக்குள்ள பூஞ்சை பூத்துடும். செயற்கை லெதர் இன்னும் மோசம், அந்த பியூ (PU) பிளாஸ்டிக் பூச்சு ஈரக்காத்துலயே உரிய ஆரம்பிக்கும், போடாம வச்சிருந்தா கூட உரியும். சூயட்ல இருந்து அந்த பிரவுன் கலர மட்டும் எடுங்க, போதும்.

லேயரிங் ஆசை இருந்தா கை இல்லாத மெல்லிசு கதர் ஜாக்கெட், முல் காட்டன்ல முன்னாடி திறந்த ஷ்ரக், இல்ல ஒரு காட்டன் சட்டைய பட்டன் போடாம டாப் மேல போட்டுக்கறது. ஆபிஸ் ஏசிக்கு உதவும், பஸ் ஸ்டாப்ல கழட்டி பைல வச்சுக்கலாம்.

2024 பிப்ரவரில சான் லோரான் பிராண்டு ஷோல கிட்டத்தட்ட எல்லா டிரெஸ்ஸும் உள்ள தெரியற துணி. அத அப்படியே இங்க போட முடியாதுன்னு நான் சொல்லத் தேவையில்ல. ஆனா மெல்லிசு துணி நமக்கு ஒண்ணும் புதுசில்லயே, கோட்டா, சந்தேரி, ஆர்கன்சா, முல்லு எல்லாம் இருக்கு. உள்ள போடற ஸ்லிப்ப அதே கலர்ல போடாம கொஞ்சம் அடர்த்தியா வேற கலர்ல போட்டு அது தெரியட்டும்னு விடறது, அந்த ஐடியாவ மட்டும் எடுத்தேன், வெயிலுக்கும் ஆச்சு.

நான் குள்ளம். மாடல் எல்லாம் பனைமரம் மாதிரி. எனக்கு எப்படி செட் ஆகும்?

மாடலுங்க அஞ்சு ஒம்பது, அஞ்சு பத்துன்னு இருப்பாங்க, அதனால இன்ச்ச காப்பி அடிக்காம பங்கு கணக்க காப்பி அடிங்க. ஃபோட்டோல தோள்ல இருந்து தரை வரைக்கும் மூணு பங்குன்னு வச்சுக்கோங்க, டாப் ஒரு பங்குல நிக்குதா, ஒண்ணரைலயா, ரெண்டுலயா? உங்க உடம்புல அதே பங்குல நிறுத்துங்க. ரெடிமேட் குர்தா குள்ளமா இருக்கறவங்கள இன்னும் குள்ளமா காட்டறதுக்கு காரணமே அது சரிபாதில வந்து வெட்டறதுதான். டாப் ஒரு பங்கு, பேண்ட் ரெண்டு பங்குன்னு வச்சா ஆளே வேற மாதிரி தெரிவீங்க. குண்டா இருக்கறவங்களுக்கும் இதே பதில்தான், லூஸா போட்டு மறைக்கறதுக்கு பதிலா தோளும் கழுத்தும் சரியா உக்காந்தாலே போதும், மிச்சத்த துணி பாத்துக்கும்.

கடையில "உங்க கலருக்கு இது எடுக்காதுங்க"ன்னு சொல்றாங்களே?

எனக்கும் சொல்லியிருக்காங்க, அந்த கடைக்கே போறத விட்டுட்டேன். இதுக்கு ரன்வே மாதிரி ஒரு நல்ல மருந்து கெடையாது. ஒரு கலர் உங்க நிறத்துக்கு எப்படி இருக்கும்னு தெரியணும்னா அனோக் யாய், அடுட் அகெச் மாதிரி நல்ல கறுப்பா இருக்கற மாடலுங்க அந்த கலர்ல வந்த ஃபோட்டோவ தேடிப் பாருங்க, எலுமிச்ச மஞ்சள், கோபால்ட் நீலம், ஆரஞ்சு, பளிச் வெள்ள, எதுதான் அவங்களுக்கு எடுக்கல? 2018 பிப்ரவரில பிராடா பிராண்டு ஷோவ முதல் ஆளா வந்து தொறந்து வச்சது அனோக் யாய், அதுக்கு முன்னாடி ஒரு கறுப்பின பொண்ணு அங்க ஷோவ தொறந்தது 1997ல நவோமி கேம்பெல், அவ்ளோ லேட்டாதான் அவங்களுக்கே புத்தி வந்திருக்கு, நம்ம ஜவுளிக்கடை அண்ணன மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்றது. அந்த ஃபோட்டோவ ஃபோன்ல வச்சுக்கோங்க, கடைல காட்டிட்டு "இத எடுங்கண்ணா"ன்னு சொல்லுங்க.

நான் புடவைதான் கட்டுவேன். எனக்கு இதுல ஏதாவது இருக்கா?

நிறைய இருக்கு, ஜாக்கெட்லதான் விளையாட்டே. காலர் வச்ச சட்ட ஜாக்கெட், முழங்கைக்கு கீழ விரியற கை, உயர்ந்த கழுத்து, பின்னாடி ஒரே ஒரு முடிச்சு, எல்லாத்துக்கும் ரன்வேல ஃபோட்டோ கெடைக்கும். 2024 பிப்ரவரில டிசைனர் கெமெனா கமாலி க்ளோயே பிராண்டுல முதல் ஷோ பண்ணப்போ ஃப்ரில் வச்ச மெல்லிசு பிளவுஸா வந்து போஹோ (லூஸா, ஜிப்ஸி மாதிரி இருக்கற ஸ்டைல்) திரும்ப வந்துடுச்சுன்னு எல்லாரும் எழுதினாங்க. அந்த மாதிரி ஒரு ஃப்ரில் கழுத்து முல் ஜாக்கெட் தச்சு, அதுக்கு ஜரிகையே இல்லாத செட்டிநாடு கட்டம் போட்ட கண்டாங்கி கட்டிப் பாருங்க. புடவை கனம்னா ஜாக்கெட் லேசு, ஜாக்கெட் ஆட்டம் போட்டா புடவை அமைதி.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2023 மார்ச் 30 அன்னிக்கு டியோர் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னாடி ஷோ வச்சாங்க, பின்னாடி பிரம்மாண்டமா ஒரு தோரணம், அத்தனையும் எம்பிராய்டரி, செஞ்சது மும்பைல இருக்கற சாணக்யாங்கற பட்டறை. டிசைனர் டிரீஸ் வான் நோட்டன் பல வருஷமா எம்பிராய்டரி பண்ணது கொல்கத்தால. 2020 ஜனவரில ராகுல் மிஸ்ரா பாரிஸ் கூட்யூர் வீக்லயே ஷோ பண்ணாரு, அங்க போன முதல் இந்திய டிசைனர். அதனால ரன்வேல எம்பிராய்டரி பாத்து வாய பொளந்தீங்கன்னா அது நம்ம நாட்டு ஆளு கைல வந்ததா இருக்கவே நிறைய வாய்ப்பு. கை வேலைக்கு நம்ம ஊர் ஆரி வொர்க்காரங்ககிட்ட போனா கழுத்து முழுக்க கல்லு வைக்க சொல்லாம, அந்த ஷோல எங்க வேலைய நிறுத்தியிருக்காங்கன்னு பாருங்க. கைல ஒரு பக்கம் மட்டும், இல்ல பின் கழுத்துல மட்டும்.

அவங்க நம்மகிட்ட இருந்து எடுத்து நமக்கே விக்கறாங்களே, அந்த கோலாப்பூரி செருப்பு மாதிரி?

2025 ஜூன்ல பிராடா மிலான்ல ஆம்பளைங்க ஷோல அச்சு அசலா கோலாப்பூரி மாதிரியே செருப்ப நடக்க விட்டு, தோல் செருப்புன்னு மட்டும் சொன்னாங்க. கோலாப்பூரிக்கு 2019லயே புவிசார் குறியீடு இருக்கு. இங்க சத்தம் கிளம்பினதுக்கு அப்புறம்தான் இந்திய கைவினைல இருந்து வந்ததுன்னு ஒத்துக்கிட்டாங்க. கோவம் நியாயம்தான். ஆனா எனக்கு இன்னொண்ணும் தோணுச்சு, அந்த ஷோவுக்கு அப்புறம் கோலாப்பூரிய பேண்ட்டோட போடலாம்னு கண்டுபிடிச்ச நம்ம ஊர் ஆளுங்க எத்தன பேரு, அது வரைக்கும் குர்தாவுக்கு மட்டும்தான்னு வச்சிருந்தாங்க.

மெட்ராஸ் செக்ஸ் கதை இத விட பழசு. கைலி கட்டம்தான், வேற ஒண்ணுமில்ல. 1950 கடைசி, 60கள்ல அமெரிக்கால காலேஜ் பசங்க சட்டையா போட்டுத் திரிஞ்சாங்க, துவைச்சா சாயம் போகும், அந்த சாயம் போறதையே பெருமையா சொல்லி வித்தாங்க, ப்ளீடிங் மெட்ராஸ்னே பேரு. இன்னிக்கும் சம்மர் கலெக்ஷன்ல அது தலைய காட்டும். நீங்க காட்டன் கைலி துணி மீட்டர் கணக்குல வாங்கி ஒரு கட்டம் போட்ட ஷர்ட் டிரெஸ் தைங்க, பாக்கெட்டோட கட்டத்த தையல்ல ஒட்டி வர மாதிரி வெட்டச் சொல்லுங்க, கட்டம் சேந்தா காஸ்ட்லியா தெரியும், சேரலன்னா கைலியாவே தெரியும்.

எந்த டிரெண்ட் நிக்கும், எது ஓடிப்போகும்னு எப்படி கண்டுபிடிக்கறது?

கலர் சீக்கிரம் ஓடும், உருவம் மெதுவா நகரும். பேண்டோன்னு ஒரு கலர் கம்பெனி வருஷா வருஷம் ஒரு கலர் அறிவிக்கறாங்க, 2023க்கு விவா மெஜந்தா, 2024க்கு பீச் ஃபஸ், 2025க்கு மோக்கா மூஸ், 2026க்கு கிளவுட் டான்சர்னு ஒரு வெள்ள. வெள்ளைய போய் டிரெண்ட்னு சொன்னா நம்ம வேட்டிக்காரங்க என்ன நினைப்பாங்க! அத நான் கண்டுக்கறதே இல்ல. ஆனா அகலமான பேண்ட் வந்து எத்தன வருஷம் ஆச்சு, இன்னும் போகல. 2022ல மியு மியு பிராண்டு ரன்வேல வந்த பாலே (ballet) டான்ஸ் ஷூ மாதிரி ஷூவும் அப்படித்தான், ரொம்ப நாள் நின்னுச்சு, அதுக்கு முந்தின சீசன்ல அதே மியு மியு காட்டின துளியூண்டு ஸ்கர்ட்ட எல்லாரும் பேசினாங்க, போட்டவங்கள தேடணும்.

அதனால காசு செலவு பண்ற வரிசை இப்படி: உருவம் பிடிச்சா தையல் கூலிக்கு செலவு பண்ணுங்க, கலர் பிடிச்சா துப்பட்டா, நெயில் பாலிஷ், பை, இதோட நிறுத்துங்க. ஒரு பொருள் வாங்கறதுக்கு முன்னாடி பீரோல ஏற்கனவே இருக்கற மூணு துணியோட அத போட முடியுமான்னு யோசிங்க. மூணாவதுக்கு யோசிக்க வேண்டி வந்தா விட்டுடுங்க.

பட்ஜெட் கம்மி. துணி எங்க எடுக்கறது?

சென்னைன்னா கோடவுன் தெரு, சௌகார்பேட்டை, மதுரைன்னா விளக்குத்தூண் பக்கம், கோவைன்னா ஒப்பணக்கார வீதி, திருப்பூர் போறவங்க இருந்தா காதர்பேட்டைல எக்ஸ்போர்ட் மிச்சம். எக்ஸ்போர்ட் மிச்சத்துல ஒரு லாபம், வெளிநாட்டு கடைக்குன்னு தச்சது நம்ம கைக்கு அடிமாட்டு விலைக்கு வரும், தையல பிரிச்சு பாத்து, கறை ஓட்டை இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சு பாத்து எடுங்க. அம்மாவோட பழைய புடவைல கை வைக்கறதா இருந்தா முதல்ல அம்மாகிட்ட கேளுங்க. கேக்காம கத்திரி வச்சவங்க கதை எனக்கு நிறைய தெரியும்.

எனக்குன்னு ஒரு ஸ்டைலே இல்லன்னு தோணுது. எங்க ஆரம்பிக்க?

ஃபோன்ல ஒரு ஆல்பம் போட்டு ஒரு சீசன் முழுக்க பிடிச்ச லுக்க மட்டும் சேத்துட்டே வாங்க, ஏன் பிடிச்சுதுன்னு யோசிக்காதீங்க. சீசன் முடிஞ்சதும் மொத்தமா பாருங்க. பிராண்டு பேரு மாறும், ஆனா திரும்பத் திரும்ப ஏதோ ஒண்ணு வந்துட்டே இருக்கும், என் ஆல்பத்துல முக்கால்வாசி பெரிய பாக்கெட் வச்ச டிரெஸ்ஸா இருந்துச்சு, அப்போதான் எனக்கே தெரியும் நான் பாக்கெட் பைத்தியம்னு, இப்போ புடவை உள்பாவாடைக்கே பாக்கெட் வச்சு தைக்கறேன். அதே மாதிரி நீங்க நிஜமா அடிக்கடி போடற நாலு டிரெஸ்ஸயும் ஃபோட்டோ எடுத்து அதுக்கு பக்கத்துல வைங்க. ரெண்டுக்கும் பொதுவா இருக்கறதுல இருந்து ஆரம்பிங்க. ஆல்பத்துல மட்டும் இருந்து பீரோல இல்லாதது ஆசை, அதுல ஒண்ணு ஒண்ணா தச்சு பாத்துக்கலாம், அவசரமில்ல.

ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் இல்லயா?

இருக்கு தம்பி. ஜனவரி, ஜூன் ஷோவ பாருங்க, பேண்ட் அகலமாயிருக்கறத கவனிச்சு முதல்ல அந்த கால்ல ஒட்டற ஜீன்ஸ தூக்கி ஓரமா வைங்க. இடுப்புல ரெண்டு ப்ளீட் வச்ச காட்டன் டிரவுசர், முழங்கை வரைக்கும் வர்ற அகல கை சட்ட. வெயிலுக்கு இத விட சுகம் கெடையாது, உங்க தாத்தா ஃபோட்டோலயும் இதத்தான் போட்டிருப்பாரு.

டெய்லர் சொன்ன தேதிக்கு தரவே மாட்டேங்கறாரு, என்ன பண்ண?

விசேஷ தேதிய உள்ளபடி சொல்லாதீங்க, பத்து நாள் முன்னாடி சொல்லுங்க. தீபாவளிக்குன்னா செப்டம்பர்லயே கொடுத்துடுங்க, அக்டோபர் பொறந்துட்டா எந்த டெய்லரும் புது மாடல் தைக்க மாட்டார், கை பழகினதத்தான் தள்ளிவிடுவார். வாங்கும்போது கடையிலயே போட்டு, கைய தூக்கி, உக்காந்து பாத்துட்டு மீதி காச கொடுங்க. மிச்ச துணிய கேட்டு வாங்கிட்டு வாங்க.